கிளையின் முடிவில் மலர்

ரோஜாச் செடியில் மலர் என்பது கிளையின் பக்கவாட்டில் வந்து சேரும் உறுப்பன்று. அது அந்தக் கிளையின் முடிவு. செம்பருத்தியில் இலைக் கக்கங்களிலிருந்து மொட்டுகள் எழுந்து, விரிந்து, ஒரே நாளில் வாடி உதிர்ந்த பின்னும், கிளையின் நுனி எந்தத் தடையும் இன்றி நீண்டுகொண்டே செல்கிறது. ரோஜாவிலோ, அதுவரை இலைகளையும் கணுக்களையும் உருவாக்கிக்கொண்டிருந்த நுனியே ஒரு கட்டத்தில் மலராக மாறிவிடுகிறது. ஓயாமல் பிளவுற்றுப் புதிய உறுப்புகளைத் தோற்றுவிக்கும் இளம் உயிரணுக்களின் தொகுதியை ஆக்குத்திசு என்பர். அது தன் கடைசிச் செல்வத்தைச் சூலகமாகச் செலவிட்டுத் தீர்த்தபின், அந்தக் கிளை மேலும் வளர வழியில்லை. இனி வளர்ச்சி வேண்டுமானால், கீழேயுள்ள ஏதோவொரு கணுவில் உறங்கும் மொட்டு விழித்தெழுந்து புதிய கிளையாக வேண்டும். ஆகவே ஒரு ரோஜாச் செடி எத்தனை பூ தரும் என்ற கேள்வி, அது எத்தனை புதுக் கிளை விடும் என்ற கேள்விதான். வீட்டுத் தோட்டத்தில் ரோஜாவைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளுள் பயனுள்ளவை அனைத்தும், கத்தரிப்பது, உரமிடுவது, இடம் மாற்றி வைப்பது எதுவாயினும், இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைப்பவையே.

புதுக் கிளைகள் எல்லாம் பூவில் முடியும் என்பதும்கூட ரோஜாக்களின் பொது இயல்பன்று. வட அரைக்கோளத்தில் இயற்கையாக வளரும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ரோஜா இனங்களுள் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத்தில் மட்டுமே பூப்பவை. குளிர்காலத்தைக் கடந்துவந்த மொட்டுகளிலிருந்து எழும் கிளைகள் மலரில் முடிகின்றன. அதன்பின் கோடையில் எழும் கிளைகளோ இலைகளை மட்டும் விட்டு நீண்டு, மரங்களிலும் புதர்களிலும் பற்றி ஏறுகின்றன. இந்தக் கட்டுப்பாட்டை நடத்துவது கேஎஸ்என் எனப் பெயரிடப்பட்டுள்ள ஒரு மரபணு என்பது 2012இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. பூக்கத் தூண்டும் புரதத்தின் நெருங்கிய உறவினதாயினும் அதற்கு நேர்மாறாக வேலைசெய்யும் ஒரு புரதத்தை இந்த மரபணு உருவாக்குகிறது. அப்புரதம் நுனியில் இருக்கும்வரை ஆக்குத்திசு மலராவதில்லை.

சீனத் தோட்டங்களில் நெடுங்காலமாகப் பேணப்பட்ட ரோஜாக்களில் இந்த மரபணு பழுதுபட்டிருந்தது. மரபுத்தொகுதியில் தன் படிகளைத் தானே பிரதியெடுத்து வெவ்வேறு இடங்களில் செருகிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகள் உண்டு, அவற்றைத் தாவும் மரபுக்கூறுகள் என்பர். அத்தகைய துண்டு ஒன்று எப்போதோ கேஎஸ்என் மரபணுவின் நடுவே புகுந்து அதன் செயலை முடக்கிவிட்டது. தடை நீங்கியதும், எந்தப் பருவத்தில் எழுந்த கிளையும் பூவிலேயே முடிந்தது. இந்த விந்தையைக் கண்ட சீனத் தோட்டக்காரர்கள் அதைக் குச்சி நட்டும் பதியன் போட்டும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்ததால்தான், இன்று மாடித் தொட்டியில் ஆண்டு முழுவதும் ரோஜா பூக்கிறது. மரபணு என்ற கருத்தே தோன்றாத காலத்தில், கண்ணும் பொறுமையும் மட்டுமே கருவியாகக் கொண்டு அவர்கள் செய்த தேர்வு, தோட்டக்கலை வரலாற்றின் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்று.

அந்தச் சீன ரோஜாக்கள் 1792ஆம் ஆண்டுக்கும் 1824ஆம் ஆண்டுக்கும் இடையில் ஒவ்வொன்றாக இங்கிலாந்தை அடைந்தன. அவற்றுள் சில கல்கத்தாவின் தாவரவியல் தோட்டம் வழியாகக் கப்பலேறியவை. 1793இல் அறிமுகமான இளஞ்சிவப்பு ரோஜா ஒன்று பின்னாளில் ஓல்டு பிளஷ் என்ற பெயரில் நிலைபெற்றது. 2018இல் விஞ்ஞானிகள் முழுமையாகப் படித்தறிந்த ரோஜா மரபுத்தொகுதி இந்த ஓல்டு பிளஷ் செடியினுடையதே. அதில் ஏறத்தாழ 36,000 மரபணுக்கள் கணக்கிடப்பட்டுள்ளன. இதே ரோஜாவும், மேற்கு ஆசிய வழிவந்த டமாஸ்க் ரோஜாவும் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் வேலிச்செடிகளாக அருகருகே நடப்பட்டிருந்தன. அங்கே வண்டுகளும் தேனீக்களும் தாமாக நிகழ்த்திய மகரந்தக் கலப்பில் பிறந்த செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவரவியலாளர் ஒருவரின் கண்ணில் பட்டது. அத்தீவின் அப்போதைய பெயரையொட்டிப் பூர்போன் ரோஜா எனப் பாரிஸ் நகரத்தில் அது புகழடைந்தது. இந்தியாவில் எட்வர்ட் ரோஜா என வழங்குவது இக்கலப்பின் வழிவந்ததாகவே கருதப்படுகிறது. தமிழகத்துப் பூக்கடைகளில் பன்னீர் ரோஜா என்ற பெயரில் எடை போட்டு விற்கப்படும் இளஞ்சிவப்பு உதிரிப்பூக்களுள் பலவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மாலையில் கோக்கப்படும் அந்த எளிய பூவில் சீனத்தின் ஓயாப் பூப்பும் டமாஸ்கின் மணமும் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. பூங்கொத்துக்குரிய நீண்ட காம்பும் கூம்பு வடிவ மொட்டும் கொண்ட இன்றைய கலப்பினத் தேயிலை ரோஜாக்களின் வரிசை, பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த கியோ என்பவர் 1867இல் வெளியிட்ட லா ஃபிரான்ஸ் ரோஜாவிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது வழக்கம்.

முடங்கிய மரபணு சில வேளைகளில் மீண்டும் உயிர்பெறுவதும் உண்டு. உள்ளே புகுந்த துண்டின் பெரும்பகுதி நீங்கி, இரு முனைகளில் இருந்த ஒரே மாதிரியான வரிசைகளுள் ஒன்று மட்டும் எஞ்சும்போது கேஎஸ்என் ஓரளவு வேலைசெய்யத் தொடங்குகிறது. அப்போது, குட்டையாக வளர்ந்துவந்த செடியின் ஒரு கிளை மட்டும் பூக்காமல் கொடிபோல் நீளும். பழைய ரோஜா வகைகள் சிலவற்றுக்கு அதே பெயரில் ஏறுகொடி வடிவமும் விற்கப்படுவது இவ்வாறு தோன்றிய கிளைகளைத் தனியே பெருக்கியதன் விளைவு. ஏறுகொடி வடிவங்கள் மூலச் செடியைவிடக் குறைவாகப் பூப்பதன் காரணமும் இதுவே. எவ்வளவு உரமிட்டாலும் அந்தக் குறை தீராது.

கவாத்து எனப்படும் கத்தரிப்பின் தேவை இங்கிருந்து விளங்கும். கிளையின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளரூக்கி தண்டின் வழியே கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்வரை, கணுக்களில் உள்ள கோணமொட்டுகள் உறக்கத்தில் கிடக்கின்றன. இதை நுனி ஆதிக்கம் என்பர். நுனியை வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவினால் மொட்டுகள் தொடர்ந்து உறங்குகின்றன என்பதை 1930களில் திமானும் ஸ்கூக்கும் அவரைக் குடும்பச் செடியொன்றில் நிகழ்த்திய சோதனைகள் காட்டின. ஆனால் ஆக்சின் ஒன்றே முழுக் கதையன்று. வேரிலும் தண்டிலும் உருவாகும் சைட்டோகைனின் மொட்டைத் தூண்டுகிறது. நுனி நீங்கியவுடன் அதுவரை அங்கே சென்றுகொண்டிருந்த சர்க்கரை கீழ் மொட்டுகளுக்குத் திரும்புவதும் விழிப்புக்கு முக்கியக் காரணமாகிறது. ரோஜாவுக்கென்று இன்னொரு நிபந்தனையும் உண்டு: வெளிச்சம் படாத மொட்டு, நுனியை வெட்டிய பின்னும் விழிப்பதில்லை. பல தாவரங்கள் இருட்டிலும் துளிர்விடக்கூடியவை. ரோஜா அவ்வாறன்று என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருட்டறையில் வைத்த செடிகளில் உறுதிசெய்துள்ளனர்.

இந்தச் செய்திகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், தோட்டக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் முறைகளின் பொருள் துலங்கும். செடியின் நடுப்பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக நெருங்கிய மெல்லிய கிளைகளை நீக்கி நடுவைத் திறந்துவிடச் சொல்வது, காற்றோட்டத்திற்காக மட்டுமன்று. அடிக்கணுக்களில் வெயில் படவேண்டும் என்பதற்காகவும்தான். வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டச் சொல்வது, வெட்டுக்கு மிக அருகில் இருக்கும் மொட்டே பெரும்பாலும் முதலில் எழும் என்பதாலும், அது எழும் திசையே புதிய கிளையின் திசை என்பதாலும். வாடிய பூவை மட்டும் கிள்ளி எறியாமல், அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் முழு இலைவரை காம்போடு சேர்த்து வெட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பூவை ஒட்டிய கணுக்களின் மொட்டுகள் விரைவில் எழுந்தாலும் குட்டையான கிளைகளையே தருகின்றன. சற்றுக் கீழே, முழு வளர்ச்சி பெற்ற இலையின் கக்கத்தில் இருக்கும் மொட்டே வலுவான கிளையாகிறது. வாடிய பூவை அப்படியே விட்டுவைத்தால், அதன் அடியில் காய் முற்றத் தொடங்கி, புதிய துளிர்களுக்குப் போகவேண்டிய சர்க்கரையைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது.

வெப்பமான சமவெளியில் கவாத்து முடிந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில், வானிலை மந்தமாக இருந்தால் எட்டு வாரங்களில், அடுத்த பூக்கள் விரியும். ஆண்டில் ஒருமுறை செய்யும் கடுமையான கவாத்துக்குத் தமிழகத்தின் கிழக்குப் பகுதிகளில் ஏற்ற காலம், வடகிழக்குப் பருவமழை தணிந்து பனி தொடங்கும் வாரங்கள். அப்போது வெட்டுக்காயங்களில் ஈரம் தங்குவதில்லை. அடுத்துவரும் தை, மாசி மாதங்களின் மிதமான வெயிலில் இதழ்கள் பெரிதாக விரிந்து நிறம் ஆழ்ந்திருக்கும். சித்திரை வெயிலில் அதே செடியின் பூ சிறுத்து வெளிறுவதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. வெப்பத்தில் மொட்டு விரைந்து முதிர்வதும், அந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி குறைவாக உருவாவதும் இயல்பானவை. எந்தக் கவாத்திலும் இலைகள் அனைத்தையும் ஒருசேர நீக்கிவிடுவது மட்டும் தவறு. குளிர்நாடுகளில் செடி இலையுதிர்த்து உறங்கும்போது வெட்டுவதால், அங்கே எழுதப்பட்ட நூல்கள் முக்கால்வாசியை வெட்டியெறியச் சொல்கின்றன. இங்கே செடி உறங்குவதே இல்லை. மொட்டை விழிக்கவைக்கும் சர்க்கரையை இலைகளே அன்றாடம் சமைத்துத் தருகின்றன. பாதி உயரம்வரை வெட்டி, கீழே நல்ல இலைகள் சிலவற்றை விட்டுவைப்பதே இந்த மண்ணுக்கு ஏற்றது.

நர்சரியிலிருந்து கறுப்புப் பையில் வாங்கிவரும் ரோஜா பெரும்பாலும் ஒரு செடியன்று, இரண்டு. வேரும் அடித்தண்டும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றை வேர்ச்செடி என்பர். அதன் பட்டையில் டி என்ற எழுத்தின் வடிவில் கீறி, விரும்பிய வகையின் ஒரே ஒரு மொட்டைச் செருகி நாடாவால் சுற்றிவிடுவதை மொட்டு கட்டுதல் என்பர். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படை இரண்டிலும் பொருந்தி ஒட்டிக்கொண்டால், சில வாரங்களில் அம்மொட்டு துளிர்க்கும். பின்னர் வேர்ச்செடியின் மேற்பகுதி வெட்டி நீக்கப்படும். அழகான பூவுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட வகைகளுக்கு வேர்வளம் குறைவாக இருக்கலாம் என்பதாலும், ஒரே கிளையின் பல மொட்டுகளிலிருந்து பல செடிகளைப் பெறலாம் என்பதாலும் வணிகத்தில் இம்முறை நிலைத்துவிட்டது. வீட்டில் வளர்ப்போர் கவனிக்க வேண்டியது ஒட்டுப்போட்ட இடத்திலுள்ள முண்டு. அதற்குக் கீழிருந்து எழும் கிளை எவ்வளவு செழிப்பாகத் தோன்றினாலும் வேர்ச்செடியினுடையது. அது விரைந்து வளர்ந்து ஒட்டுக்கிளைகளைப் பட்டினி போட்டுவிடும். ஏழு சிற்றிலைகள் இருந்தால் அது வேர்ச்செடிக் கிளை எனப் பரவலாகச் சொல்லப்படும் விதி நம்பத்தக்கதன்று; நல்ல வகைகள் பலவற்றிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்பதை மண்ணை விலக்கிப் பார்ப்பதே உறுதியான சோதனை. பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் தம் சொந்த வேரிலேயே நன்கு வளர்பவை. பென்சில் தடிமனுள்ள குச்சியை நட்டே அவற்றைப் பெருக்கலாம் என்பதால், புதிதாகத் தொடங்குவோருக்கு அவை மிகவும் ஏற்றவை.

தொட்டியின் மண்ணைப் பற்றி எழுதப்படுபவற்றுள் உரத்துக்குத் தரப்படும் இடம் மிகை. காற்றுக்குத் தரப்படும் இடம் குறை. வேரும் மூச்சுவிடும் உறுப்பே. நீர் வடியாத மண்ணில் துளைகள் யாவும் நீரால் நிரம்பி ஆக்சிஜன் தீர்ந்தபின், வேர் தன் வேலையை நிறுத்துகிறது. செடி நீரின் நடுவே நின்றுகொண்டே வாடுகிறது. அந்த வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவதால் இறக்கும் செடிகள், நீரின்றி இறப்பவற்றைவிடக் குறைந்தவையல்ல. செம்மண்ணோடு மணலும், நன்கு மக்கிய தொழுஉரமும், தேங்காய் நார்க்கழிவும் கலந்து, அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மேல்மண் விரல் நுழையும் ஆழத்துக்கு உலர்ந்தபின் தொட்டியின் அடியில் வடியுமளவு ஊற்றுவதும், மறுபடி உலரும்வரை காத்திருப்பதும் நல்ல முறை. மொட்டைமாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள் வெயிலில் காய்ந்து வேரை வேகவைத்துவிடும்; மண் தொட்டியோ, வெண்ணிறம் பூசிய தொட்டியோ, ஒன்றன் நிழலில் மற்றொன்று நிற்கும்படி நெருக்கி வைத்த வரிசையோ இதைத் தணிக்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் நகரங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு குறை, இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்பது. இது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. ஆனால் மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதன்று. ரோஜா விரும்புவது சற்றே அமிலத்தன்மை, அதாவது 6 முதல் 6.5 வரையான பி.எச். அளவு. சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரைத் தொடர்ந்து ஊற்றும்போது மண் காரத்தன்மை அடைகிறது. அந்நிலையில் இரும்பு நீரில் கரையாத வடிவில் இறுகி, வேரின் கண்ணெதிரே இருந்தும் எட்டாததாகிறது. இத்தகைய தொட்டியில் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதால் பயனில்லை. முட்டை ஓடு என்பதும் கால்சியம் கார்பனேட்டே, அமில மண்ணுக்குத்தான் அது மருந்து. மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், மக்கிய உரத்தைக் கூட்டுவதும், தேவைப்பட்டால் கீலேட் எனப்படும் கரிமப் பிணைப்புக்குள் பாதுகாக்கப்பட்ட இரும்பை இடுவதும் சரியான வழிகள். தழைச்சத்தைப் பொறுத்தவரை, கவாத்து முடிந்து துளிர்விடும் வாரங்களில் அது தேவை. மொட்டுப் பருவத்தில் அதை மிகுத்தால் மென்மையான தழையே பெருகி, அசுவினிப் பூச்சிக்கு விருந்தாகும்.

இலைகளில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளிகள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளாகி, இலை உதிர்வது ரோஜாவின் தனிப்பெரும் நோய். டிப்ளோகார்ப்பன் என்னும் பூஞ்சையே இதற்குக் காரணம். இந்நோய்க்கும் மஞ்சள் நிறத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பர். 1900க்கு முன் ஆழ்ந்த மஞ்சள் நிறக் கலப்பினத் தேயிலை ரோஜா கிடையாது. லியோன் நகரத்து பெர்னே துஷே, மேற்கு ஆசியாவின் மஞ்சள் காட்டு ரோஜாவைக் கலந்து சொலேய் தோர் என்ற வகையை அந்த ஆண்டில் வெளியிட்டார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு, இருவண்ண ரோஜாக்களில் மிகப் பல அதன் வழித்தோன்றல்கள். வறண்ட நிலத்தில் வாழ்ந்து பழகிய அந்தக் காட்டு இனம் இப்பூஞ்சையை எதிர்க்கும் ஆற்றல் இல்லாதது. நிறத்தோடு அந்த வலுவின்மையும் தோட்டங்களுக்குள் வந்து சேர்ந்தது என்று வளர்ப்பாளர்கள் கருதுகின்றனர். மஞ்சள் ரோஜா நோய்வாய்ப்படுவது வளர்ப்பவரின் குற்றமாகவே எப்போதும் இராது.

கோடையில் தாக்கும் சிவப்புச் சிலந்திப் பேன், ஈரத்தை நாடும் கரும்புள்ளிப் பூஞ்சைக்கு நேர்மாறான இயல்புடையது. இலையின் அடிப்புறத்தில் நுண்ணிய வலை பின்னி, உயிரணுக்களை உறிஞ்சி, இலையைச் சாம்பல் படிந்ததுபோல் ஆக்கும் இந்த எட்டுக்கால் உயிர் வறட்சியையும் வெப்பத்தையும் விரும்புகிறது. 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடைய அதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். இது பூச்சியினம் அன்று என்பதால் பூச்சிக்கொல்லிகள் பல இதைத் தொடுவதில்லை. மாறாக, இதைத் தின்று வாழும் நன்மை செய்யும் பேன்களைக் கொன்று நிலைமையை மோசமாக்குகின்றன. இலையடியில் வேகமாக நீர் பீய்ச்சுவதே வீட்டுக்கேற்ற சிறந்த மருந்து. ஆனால் இலையை நனைத்தால் கரும்புள்ளி வரும் என்ற எச்சரிக்கையும் உண்டே என்னும் ஐயம் இங்கே எழுவது இயல்பு. பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்கவேண்டும். காலையில் நனைத்த இலை நண்பகலுக்கு முன் உலர்ந்துவிடும். மாலையில் நனைத்தது இரவெல்லாம் ஈரமாகவே கிடக்கும். ஆகவே முரணாகத் தோன்றும் இரு அறிவுரைகளும் கடிகாரத்தைப் பார்த்தால் ஒத்துப்போகின்றன.

ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களிலிருந்து வரும் நீண்ட காம்பு ரோஜாக்களை முகர்ந்து ஏமாறுவோர் பலர். மணமின்மை தற்செயலானதன்று. பறித்தபின் நெடுநாள் வாடாமை, பயணத்தைத் தாங்கும் தடித்த இதழ், ஒரே சீரான நிறம் ஆகியவற்றுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்ததில், மணம் கவனிப்பாரின்றி நழுவிப்போயிற்று. ரோஜா மணத்தின் அடிப்படைகளுள் ஒன்று ஜெரானியால் என்ற ஆவியாகும் பொருள். மற்றத் தாவரங்களில் இதை உருவாக்கும் நொதிகள் நன்கு அறியப்பட்டவையாதலால் ரோஜாவிலும் அவையே இருக்குமென எண்ணப்பட்டு வந்தது. 2015இல் பிரெஞ்சு ஆய்வுக்குழு ஒன்று, மணம் மிகுந்த பாபா மெய்யான் வகையையும் மணமற்ற ரூஜ் மெய்யான் வகையையும் ஒப்பிட்டபோது வேறொன்று தெரியவந்தது. வேறு உயிர்களில் உயிரணுவின் கழிவுகளைத் துப்புரவு செய்யும் வேலைக்கு அறியப்பட்ட நூடிக்ஸ் குடும்பத்து நொதி ஒன்று, ரோஜா இதழில் மணம் சமைக்கும் பணியை ஏற்றிருந்தது. மணமற்ற வகையில் அந்த நொதிக்குரிய மரபணு ஏறத்தாழ மௌனமாகவே இருந்தது. மணத்தின் மற்றொரு கூறான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால், ஏனைய மணப்பொருள்களைவிட நீரில் நன்கு கரைவது. இதழ்களை நீரோடு வாலையில் வடிக்கும்போது எண்ணெய் தனியே பிரிந்து மிதக்க, இது நீரிலேயே தங்கிவிடுகிறது. பன்னீரின் மணம் ரோஜா எண்ணெயின் மணத்திலிருந்து வேறுபடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். வீட்டில் வளர்ப்பவர் பூவை லாரியில் ஏற்றப்போவதில்லை. எனவே மணமுள்ள வகையைத் தேர்வதில் அவருக்கு எந்த இழப்பும் இல்லை.

இன்றைய ரோஜாக்களின் முன்னோர்கள் ஏறத்தாழ யாவும் மிதவெப்ப, குளிர் நிலங்களைச் சேர்ந்தவை என்பதே வெப்பநாட்டுத் தோட்டங்களின் பெருங்குறை. இந்தியாவிலோ வெப்பத்துக்குப் பழகிய இனங்கள் உள்ளன: வங்கத்தின் சதுப்பு நிலங்களில் வெள்ளத்தில் நின்றும் பிழைக்கும் ரோசா கிளைனோஃபில்லா, மணிப்பூர் மலைகளில் மரங்களின்மேல் படரும் ரோசா ஜைகான்டியா, நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளின் ஓரத்தில் வெண்ணிறமாகப் பூக்கும் ரோசா லெஷெனால்டியானா. முதல் இரண்டையும் கொண்டு, ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காத ரோஜாக்களை உருவாக்கும் பணியில் கொடைக்கானலில் வழமையான ஆய்வுக்கூடங்களின் துணையின்றி, தம் தோட்டத்திலேயே பல பத்தாண்டுகளாக உழைத்தவர்கள் வீரு வீரராகவனும் கிரிஜா வீரராகவனும். இத்தகைய கலப்பில் எதிர்ப்படும் தடை குரோமோசோம் எண்ணிக்கை. ரோஜாவின் அடிப்படை எண் ஏழு. காட்டு இனங்கள் பலவற்றில் 14, தோட்ட வகைகளில் பெரும்பாலும் 28. இரண்டும் கலந்தால் 21 குரோமோசோம்களுடன் பிறக்கும் செடி, அவற்றை இணைசேர்த்துப் பிரிக்க இயலாமல் பெரும்பாலும் மலடாகிறது. தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து டார்லிங்டனோடு இணைந்து 1945இல் பெருநூல் வெளியிட்டவரும், கால்சிசின் என்ற வேதிப்பொருளால் குரோமோசோம்களை இரட்டிக்கும் ஆய்வில் ஈடுபட்டவருமான ஜானகி அம்மாள் பெயரை, வீரராகவன் இணையர் 2018இல் தங்கள் மஞ்சள் ரோஜா ஒன்றுக்குச் சூட்டியது மிகப் பொருத்தம்.

ரோஜாவுக்கு அருகில் வைக்கப்படும் மற்றப் பூச்செடிகளும், பூ எங்கே, எப்போது வரும் என்ற கேள்விக்கு வேறு விடைகளைத் தருகின்றன. குண்டுமல்லி தன் புதுக்கிளைகளின் நுனியில் கொத்தாக அரும்பு கட்டுவது. ஆகவே கார்த்திகை நடுவில் நீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிட்டால், மாசி, பங்குனியில் புதுத் தளிரோடு அரும்புகள் குவிகின்றன. பழைய கிளைகளை வெட்ட மனமின்றிக் காப்பாற்றும் வீடுகளில் மல்லிகைச் செடி வெறும் கொடியாகவே நிற்பதைக் காணலாம்.

சாமந்தியோ கத்தரிக்கோலுக்கு மட்டும் கட்டுப்படுவதில்லை. அது இரவின் நீளத்தை அளக்கிறது. பகல், இரவு நீளங்களுக்கு ஏற்பத் தாவரம் பூப்பதை ஒளிக்காலத்துவம் என்பர். 1920இல் கார்னரும் அல்லார்டும் இதை விளக்கினர். சாமந்தி குறும்பகல் தாவரம், அதாவது இரவு போதிய அளவு நீண்டால்தான் பூப்பது. இரவை உணர்வது நுனியன்று, இலை என்பதையும், இலையில் உருவாகும் செய்தி நுனிக்குச் செல்கிறது என்பதையும் 1930களில் ரஷ்ய அறிவியலாளர் சைலக்கியான் சாமந்திச் செடிகளில்தான் காட்டினார். புளோரிஜன் என அவர் பெயரிட்ட அந்தச் செய்தி ஒரு சிறு புரதம் எனப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் தெரியவந்தது. ரோஜாவின் கேஎஸ்என் எதிர்த்து நிற்பது இதே குடும்பத்துப் புரதத்தைத்தான். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. நாட்டுச் சாமந்தி அந்தச் சிறு வேறுபாட்டையும் கணக்கில் கொண்டு ஐப்பசிக்குப் பின் மொட்டுவிடுகிறது. நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கெரிந்தாலும் இலை அந்த இரவை நீண்ட இரவாகக் கொள்வதில்லை. பூவைத் தள்ளிப்போட விரும்பும் வணிகப் பண்ணைகள் செடிகளின்மேல் பல்புகளைத் தொங்கவிடுவது இதனால்தான். தெருவிளக்கை ஒட்டிய பால்கனியில் சாமந்தி தழைத்தும் பூக்காமல் நின்றால், உரத்தை மாற்றுவதற்கு முன் தொட்டியை விளக்கொளி படாத மூலைக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த இடமில்லையெனில், மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணிவரை கறுப்புத் துணியால் மூடிவைத்து, மொட்டுகள் கண்ணுக்குத் தெரியும் அளவு திரண்டு நிறம் காட்டும்வரை அதைத் தொடர வேண்டும்.